வன்னியம்பட்டி வெந்நீர்

வெங்கடேஸ்வரி பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை நடத்திவந்தாள். ராஜபாளையம் பக்கத்துத் தறிகளில் நெய்த துணி லாரியில் வன்னியம்பட்டிக்கு வரும். அவள் பட்டறையில் வெந்து, வெளுத்து, அலசி, உலர்ந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். வேலை முழுக்க வெந்நீரில்தான். அந்த வெந்நீருக்காக ஒரு பழைய பாய்லர் காலையிலிருந்து சீமைக்கருவை விறகைத் தின்றுகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் விறகு ஈரமாகிப் புகைந்தால் அன்று பெண்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் துணி அலசுவார்கள்.

அலசுகிறவர்களில் அய்யம்மாளுக்கு இருமல் வந்தது. வந்தது போகவே இல்லை. ராஜபாளையத்து டாக்டர் புகைப் பக்கமே போகக் கூடாது என்றார். ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வந்து நின்றாள்.

"ஏட்டி, உன்ன யாரு வரச் சொன்னா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"வீட்டுல மட்டும் என்னக்கா, அங்கயும் அதே புகைதான். இங்கன்னா நாலு பேரு பேச்சுத் துணைக்கு இருக்காக" என்று சொல்லிவிட்டு அய்யம்மாள் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து இருமல் கேட்டது.

அந்த மாதத்தில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கக் கூட்டம். பேச வந்தவர் சௌந்தரபாண்டியன் என்கிற புவியியலாளர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. பூமிக்கு அடியில் ஆழம் போகப் போகச் சூடு கூடும், அந்தச் சூட்டை மேலே கொண்டுவர முடிந்தால் விறகு தேவைப்படாது என்றார். இந்தப் பக்கத்து நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் பட்டைபட்டையாக ஓடுகிறது, அதன் விரிசல்களில் ஆழத்தில் வெந்நீர் தேங்கி இருக்கிறதா என்று சோதிக்க நிறுவனம் தயாராக இருக்கிறது, ஓர் இடம்தான் வேண்டும் என்றார். வந்திருந்தவர்கள் பாதிப் பேர் டீக்கு எழுந்துவிட்டார்கள். வெங்கடேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"எங்க நெலத்துல பாப்பீங்களா சார்?"

நிலம் அவள் பெயரில் இல்லை. மாமனார் மாரிசாமி பெயரில் இருந்தது. மாரிசாமி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் சிவபாண்டிதான் வெங்கடேஸ்வரியின் கணவன். பட்டறையைத் தொடங்கியவனும் அவன்தான். மஞ்சள் காமாலை வந்து, என்னவென்று புரிவதற்குள் போய்விட்டான். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தபோது அவள் போகவில்லை, மாரிசாமியும் போகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

சௌந்தரபாண்டியன் இடம் பார்க்க வந்த அன்று மாரிசாமி அவரை நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்தத் தெரு?"

சொன்னார்.

"அப்பா என்ன செஞ்சாரு?"

"வாத்தியாரா இருந்தாருங்கய்யா. இப்ப இல்ல."

"கல்யாணம்?"

"ஆச்சு. ஒத்து வரல. பிரிஞ்சிட்டோம்."

"யாரு மேல தப்பு?"

"மாமா!" என்று உள்ளேயிருந்து வெங்கடேஸ்வரி குரல் கொடுத்தாள்.

சௌந்தரபாண்டியன் கொஞ்சம் யோசித்தார். "வருசத்துல பத்து மாசம் நான் ஏதாவது ஒரு காட்டுல குழி தோண்டிக்கிட்டு இருந்தேன். எம்மேலதான் தப்புன்னு நெனைக்கேன்" என்றார்.

மாரிசாமி அதற்குமேல் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொன்ன ஆளை அவர் அதிகம் பார்த்ததில்லை. "போர் போட்டா நம்ம கிணத்துத் தண்ணி போயிராதுல்லா?" என்று மட்டும் கேட்டார். மேல்தண்ணீர் கீழே இறங்காதபடி இரும்புக் குழாய் இறக்கிச் சிமெண்டு அடைத்துவிட்டுத்தான் ஆழத்துக்குப் போவோம் என்று சௌந்தரபாண்டியன் விளக்கினார். மாரிசாமி நிலத்துக்குச் சம்மதம் சொன்னார்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த தரிசில் துளை போடும் ரிக் வந்து நின்றது. தை மாதம் முழுக்க அந்தச் சத்தம்தான். துளைக்கும் குழாய்க்குள்ளிருந்து கல்லை நீளநீளமாக, உருளையாக எடுத்து மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போகும்போது வெங்கடேஸ்வரி அந்தப் பெட்டிகளைப் பார்ப்பாள். முதலில் செம்மண் ஒட்டின கல் வந்தது. பிறகு கறுப்பும் சாம்பலுமாக. ஒரு நாள் வெள்ளை வெளேரென்று, உப்பை இறுக்கிப் பிடித்துவைத்த மாதிரி ஒன்று வந்தது.

"இதுதான் சுண்ணாம்புக்கல்" என்றார் சௌந்தரபாண்டியன். "தொட்டுப் பாருங்க."

தொட்டாள். கல் இளஞ்சூடாக இருந்தது. வெயில் படாத கல்.

"நெசமாவே சுடுது."

"கீழ இன்னும் சுடும். ஆனா சூடு மட்டும் இருந்தாப் பத்தாது. தண்ணி ஓடுறதுக்கு விரிசல் இருக்கணும். பல ஊர்கள்ல சுண்ணாம்புக்கல்லுக்குள்ள பெரிய பெரிய பொந்தே இருக்கும், தண்ணி ஆறு மாதிரி போவும். நம்ம பக்கத்துக் கல்லு ரொம்பப் பழசு. அழுத்தத்துல வெந்து, இறுகிப் பளிங்கு மாதிரி ஆயிருச்சு. விரிசல் இருந்தா நமக்கு அதிர்ஷ்டம்."

"இல்லாட்டி?"

"இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவேன்."

அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவைப்பார். அதை அவள் கவனித்தாள். அவரும் ஒன்றைக் கவனித்தார்: ரிக் பக்கம் வரும்போதெல்லாம் அவள் ஒரு தடவை பாய்லரின் புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். மாரிசாமி சாயந்தரம் ஒரு சேரைத் தூக்கிக்கொண்டு வந்து ரிக் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். இன்றைக்கு எவ்வளவு ஆழம், நாளைக்கு எவ்வளவு என்று விசாரணை நடக்கும். ஹைதராபாத்தில் வாடகை வீடா, சமையல் யார், ராத்திரிச் சாப்பாடு என்ன என்றும் நடுவில் வந்துபோகும்.

ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் துளையை நிறுத்தினார்கள். அடியில் அறுபத்திரண்டு டிகிரி சூடு. அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரிசலும் அகப்பட்டது. அதில் தண்ணீர் இருந்தது. இனி அதை இறைத்துப் பார்க்க வேண்டும்.

பம்பைப் போட்ட அன்று காலை பட்டறையில் யாரும் வேலை பார்க்கவில்லை. குழாய் இரண்டு தடவை இருமி, சேற்றைக் கக்கி, பிறகு தெளிந்த தண்ணீரைக் கொட்டியது. பனிக்காற்றில் அதன்மேல் ஆவி எழுந்தது. அய்யம்மாள் கையை நீட்டினவள் "எம்மா!" என்று இழுத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் கையை நீட்டினார்கள். மாரிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் கொஞ்சம் தள்ளி இறங்கி நின்றார். வெங்கடேஸ்வரி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து மாரிசாமி பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அவர் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

சௌந்தரபாண்டியன் மட்டும் துளையின் வாயில் குனிந்து, உள்ளே தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

சங்கத்துக்காரர்களில் யாரோ பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் 'வன்னியம்பட்டியில் வெந்நீர் ஊற்று' என்று செய்தி வந்தது. அன்றைக்கே கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் ஆட்டோவிலும் டூவீலரிலும் வந்தார்கள். முட்டுவலிக்கு நல்லது என்றார்கள். கேன் கேனாகப் பிடித்தார்கள். குழாய்க்கு யாரோ மஞ்சளும் குங்குமமும் பூசிவிட்டார்கள். ரிக் ஆட்கள் திணறுவதைப் பார்த்த மாரிசாமி வீட்டுக்குள் போய்ப் பழைய விசிலோடு வந்தார். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. "ஏலே, கேனுக்காரன் பின்னால போ. கெழவி மொதல்ல காலு நனைக்கட்டும்" என்று அதட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

ஆனால் சாயந்தரத்துக்குள் தண்ணீர் குறைந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் நூல் மாதிரி வந்து, மதியத்தில் குழாய் வெறும் காற்றை இழுத்து விக்கியது. பம்பை நிறுத்தினார்கள். அப்போதும் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

"அடைச்சுட்டானுக. பெரிய கம்பெனிக்கு விக்கப் போறானுக" என்று ஒருவன் கத்தினான். சத்தம் கூடியது. மாரிசாமி விசிலை ஊதினார். யாரும் கேட்கவில்லை.

சௌந்தரபாண்டியன் ஒரு கல்லுப்பெட்டியைக் கூட்டத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்து போட்டார்.

"யாரும் எதையும் அடைக்கல. கீழ இருந்தது ஒரு சின்ன விரிசல். குடத்துத் தண்ணி மாதிரி அதுல தேங்கி இருந்தது. மொண்டு முடிச்சுட்டோம். மறுபடி ஊறிவர வழி இல்ல, சுத்திலும் இந்தக் கல்லுதான்." வெள்ளை உருளை ஒன்றை எடுத்து, கத்தினவன் கையிலேயே கொடுத்தார். "பாருங்க. எங்கயாவது ஓட்டை தெரியுதா? இது ஊத்து இல்ல. ஊத்துன்னு நான் சொல்லவும் இல்ல. அப்படி நம்பி வந்தவங்ககிட்ட நான் மொதல் நாளே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்து ஆளிடம் கொடுத்தான். கல் கைமாறிக் கைமாறிப் போனது. காலிக் கேன்களோடு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

வெங்கடேஸ்வரி அங்கே நிற்கவில்லை. பாய்லர் முன்னால் போய்த் தானே விறகை எடுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். சௌந்தரபாண்டியன் வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"மொத நாளே உங்களுக்குத் தெரிஞ்சதா சார்?" திரும்பாமலே கேட்டாள்.

"சந்தேகம் இருந்தது. மட்டம் வேகமா எறங்குச்சு."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லல? ஊருக்குச் சொல்ல வேண்டாம். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க சிரிச்சத அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். "ஒரு நாள் போவட்டும்னு நெனச்சுட்டேன்."

அவள் கையிலிருந்த விறகு பாதி வழியில் நின்றது. பிறகு அதையும் உள்ளே தள்ளினாள். அவர் ரிக் பக்கம் திரும்பிப் போனார். வாரக் கடைசியில் துளைக்கு ஒரு மூடி போட்டுப் பூட்டிவிட்டு ரிக் கிளம்பியது. போகும்போது அவர் சொல்லிக்கொண்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு மாரிசாமிக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவார். யாருக்கு என்று வெங்கடேஸ்வரி கேட்கவில்லை. கொல்லையில் சத்தமாகப் பேசினால் அடுப்பங்கரைக்குக் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஹைதராபாத்துல மழையா? இங்க ஒரு சொட்டு இல்ல. சாப்பிட்டீரா? என்ன, பிரெட்டா? அதென்ன சாப்பாடு... ஆமா, அவளா? இருக்கா. இங்கதான் கொழம்பு வச்சிக்கிட்டிருக்கா. கேட்டதாச் சொல்லுதேன்."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடமே கொண்டுவந்து நீட்டினார். "ஏதோ குழாய் வெவகாரமாம். எனக்குப் புரியல, நீயே கேளு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு கேட்கும் குரல். கீழே தண்ணீர் இல்லாவிட்டாலும் சூடு இருக்கிறது, அது எங்கும் போகவில்லை என்றார் சௌந்தரபாண்டியன். துளைக்குள் அடிவரைக்கும் இரட்டைக் குழாய் இறக்கலாம். மேலிருந்து நம் தண்ணீரையே வெளிக்குழாயில் மெதுவாகக் கீழே அனுப்பினால், போகும் வழியில் கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு உள்குழாய் வழியாக மேலே வரும். திரும்பத் திரும்ப அதே தண்ணீர்தான். நிறுவனத்தில் சோதனைக்காக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சார்" என்றாள் வெங்கடேஸ்வரி. "இன்னொரு தடவ ஆச காட்டாதீங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அதனாலதான் ரெண்டு மாசமா கணக்குப் போட்டுட்டு இப்பக் கூப்பிடுதேன்" என்றார். "பாய்லர அணைக்க முடியாது. துணிய வேக வைக்க இந்தச் சூடு காணாது. அலசுற தண்ணிக்குக் காணும். வெறகு பாதியாக் குறையலாம். சில நாள் பாதிகூடக் குறையாது. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அலசும் தொட்டி இருப்பது பாய்லருக்கு நேர் எதிரே. சுடுதண்ணீர்க் குழாய் எட்ட வேண்டும் என்பதற்காக அங்கே கட்டியது. தண்ணீர் துளையிலிருந்து வருமானால் தொட்டியைப் புகை எட்டாத பின்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவளுக்கு அது சட்டென்று புரிந்தது.

"எப்ப வாரீங்க?" என்றாள்.

ஆடியில் வந்தார். குழாய் இறக்கி, சுற்றிலும் சூடு தப்பாமல் பொதிந்து, பின்பக்கத்தில் புதுத் தொட்டி கட்டி முடிக்க ஆவணி ஆகிவிட்டது. இந்தத் தடவை யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. தண்ணீர் நாற்பத்தெட்டு டிகிரியில் வந்து நிலைத்தது. ஒரு வாரம் ஓட்டினார்கள், குறையவில்லை. அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. அய்யம்மாளும் மற்றவர்களும் வேப்பமரத்துப் பக்கம் நின்று துணி அலசினார்கள். முன்பக்கத்தில் பாய்லர் கொஞ்சமாகப் புகைந்தது. அய்யம்மாளின் இருமல் முழுக்க நிற்கவில்லை. ஆனால் அவள் வேலைக்கு நடுவில் பாடத் தொடங்கியிருந்தாள். மற்றவர்கள் அதற்கு இருமலே தேவலை என்று கேலி செய்தார்கள்.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாரிசாமி, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தத் தம்பிய எனக்குப் பிடிச்சிருக்கு தாயி."

"நல்ல மனுசர்தான்" என்றாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கான்னு நான் கேக்கல. அது எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"முப்பது வருசம் போலீசுல இருந்தேன்லா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் சிவபாண்டியின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துவிட்டாள்.

"மாமா, அவிய..."

"அவன் எம் மவன். அவன மறன்னு நான் எதுக்குச் சொல்லுதேன்? நானும் மறக்கப் போறதில்ல." அவர் தண்ணீர் குடித்தார். "நான் போன பொறவு நீ தனியா இந்தச் சோத்த வடிச்சுத் தனியாத் திங்கணும். அத நெனச்சா எனக்கு ஒறக்கம் வர மாட்டேங்கு."

"உங்கள விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன்."

"உன்ன யாரு போவச் சொன்னா? அவர வரச் சொல்லு. தெக்கு ரூம்பு சும்மாதான் கெடக்கு. பழைய பேப்பர எடுத்துப் போட்டா ஒரு ஆளு தாராளமாப் படுக்கலாம்."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று சாயந்தரம் அவள் துளைப் பக்கம் போனாள். சௌந்தரபாண்டியன் மேலே வரும் குழாயில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீட்டர் இருந்தது. இருந்தாலும் அவர் கையை வைத்துத்தான் பார்ப்பார்.

"மாமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு" என்றாள்.

"சொல்லுங்க."

"இங்கயே இருக்க முடியுமான்னு."

அவர் கையை எடுக்கவில்லை. "மாமா கேக்கச் சொன்னாரா?"

வெங்கடேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "இல்ல. நான்தான் கேக்கேன்."

"எங்க மதுரை ஆபீசுக்கு மாத்தல் கேட்டு எழுதிட்டேன்" என்றார் அவர். "போன மாசமே. காரணம் என்னன்னு கேட்டாக. உங்ககிட்டக் கேக்காம எப்படி எழுதன்னு, சொந்தக் காரணம்னு மட்டும் போட்டேன்."

அவளும் குழாயின்மேல் கையை வைத்தாள், அவர் கைக்குச் சற்றுத் தள்ளி. அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. தொட்டியில் அய்யம்மாளின் பாட்டு மட்டும் நின்றுபோயிருந்தது.

கல்யாணம் ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பதிவாளர் அலுவலகத்தில். அழைத்தது பட்டறைப் பெண்களை மட்டும். மாரிசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே போய் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட அவர் முறை வந்தபோது, எழுதிக்கொண்டிருந்த இளைஞன் நிமிராமல் கேட்டான்.

"உறவு?"

"மாமனார்."

"மாப்பிள்ளைக்கு அப்பாவா?"

"இல்ல தம்பி. பொண்ணுக்கு மாமனார்."

இளைஞன் நிமிர்ந்தான். மாப்பிள்ளையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், பெரியவரைப் பார்த்தான். "பொண்ணுக்கு மாமனார்னா மாப்பிள்ளைக்கு அப்பாதானேங்கய்யா?"

மாரிசாமி வெங்கடேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப மாப்பிள்ளைக்கும் நான்தான் மாமனார்" என்றார். "ரெண்டு பேருக்கும் பொதுவா மாமனார்னே எழுதிக்கோ."

பின்னால் அய்யம்மாள் உரக்கச் சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். இளைஞன் பேனாவைத் திருப்பி அவரிடம் கொடுத்தான். மாரிசாமி நெஞ்சை நிமிர்த்தி, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.